ஒரு நோயாளி, இரண்டு ஓ.பி. சீட்டு

சம்பா நடவு நேரம். தலைஞாயிறு பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஓர் அம்மா, என் மேசையில் இரண்டு ஓ.பி. சீட்டுகளை வைத்தார். ஒன்று நேற்றையது.

"நேத்தே ரத்தம் எடுத்தாங்க ஐயா. ரிசல்ட்டு ஒரு மணிக்குத்தான் வந்துச்சு. அதுக்குள்ள ஓ.பி. முடிஞ்சிருச்சு."

சர்க்கரை மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுத எனக்கு இரண்டு நிமிடம். அவருக்கு இரண்டு நாள் நடவுக் கூலி போயிற்று.

அவர் போன பிறகும் மனசு ஆறவில்லை. எங்கள் மாத அறிக்கையில் அவர் இரண்டு நோயாளி. ஓ.பி. எண்ணிக்கை கூடினால் மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். நாம் செய்த தாமதம் நம் சாதனைக் கணக்கில் ஏறிவிடுகிறது.

படுக்கைக் கணக்கும் அப்படித்தான். 100 படுக்கையில் தினமும் 90 நிரம்பியிருந்தால் 30 நாளில் 2,700 படுக்கை நாட்கள். ஒருவர் சராசரியாக 9 நாள் தங்கினால் 300 பேருக்கு இடம் கிடைக்கும். 6 நாளில் அனுப்ப முடிந்தால் 450 பேருக்கு. நிரம்பிய விகிதம் இரண்டிலும் 90 சதவீதம்தான். ஸ்கேனுக்காக வார்டில் சும்மா காத்துக்கிடப்பவரும் அதில் சேர்த்தி. படுக்கை எவ்வளவு நிரம்புகிறது, ஒரு படுக்கையில் எத்தனை பேர் மாறுகிறார்கள் என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் முறையை பாபோன் லாசோ என்ற ஆய்வாளர் 1986-லேயே கொடுத்துவிட்டார்.

சரி, எங்களால் ஆனதைச் செய்வோம் என்று ஒரு வாரம் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நேரம் எழுதினோம். சீட்டு வாங்கியது, ரத்தம் கொடுத்தது, ரிசல்ட் வந்தது, மாத்திரை வாங்கியது. சிக்கல் லேபில் என்று தெரிந்தது. எல்லோருடைய ரத்தமும் வந்து சேரும்வரை முதல் ட்யூப் ரேக்கிலேயே நிற்கிறது. "வெறும் வயித்துல வர்றவங்களோடத முதல்ல தனியா ஓட்டிடலாம் சார்" என்று வழி சொன்னவர் லேப் டெக்னீஷியன்தான். அப்புறம் பலருக்குப் பத்தரைக்குள் ரிசல்ட் வந்தது.

மருந்து விஷயத்தில் தமிழ்நாடு எப்போதோ முன்னே போய்விட்டது. 1994-ல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, எவ்வளவு தொகைக்கு மருந்து எடுத்தோம் என்று பதிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் வந்தது. நோயாளியின் நேரத்துக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

அந்த டெக்னீஷியன் லீவு போட்டால் பழையபடி ஒரு மணி ஆகிவிடுகிறது. இன்னொரு ஆள் கேட்டு எழுதியிருக்கிறோம். மனுவோடு அந்த ஒரு வாரச் சீட்டுகளின் நகலையும் சேர்த்து வைத்தேன்.