உயரம் குறைந்தவரின் நாடி இறுகியதுபோல் தெரிவது ஏன்?

திருகோணமலையில் கோணேசர் மலையடியில் பாறையில் மோதிய அலை திரும்பும்போது, எதிரே வருகிற அலையோடு முட்டி அந்த இடத்தில் தண்ணீர் சட்டென்று உயரும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் நம் நாடிகளுக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

இதயம் சுருங்கும்போது குருதியோடு ஓர் அமுக்க அலையும் கிளம்புகிறது. அது குருதியை முந்திக்கொண்டு ஓடும். இளம் வயதில் பெருநாடியில் அதன் வேகம் செக்கனுக்கு 5, 6 மீற்றர் அளவில் இருக்கும். நாடிச் சுவர் இறுக இறுக வேகம் கூடும். கழுத்திலும் தொடை இடுக்கிலும் துடிப்பைப் பிடித்து, இடைத்தூரத்தை நேரத்தால் வகுத்து இதைக் கணக்கிடுகிறார்கள். 10 மீற்றரைத் தாண்டினால் கவனிக்கவேண்டும்.

நாடிகள் கிளைபிரியும் இடங்களில் பட்டு இந்த அலையின் ஒரு பகுதி இதயத்தை நோக்கித் திரும்பி வரும். எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் முக்கியம். உப்புவெளியில் ஒரு வீட்டில் அம்மா 148 சென்ரிமீற்றர், மகன் 178 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குத் தூரம் குறைவு. இதயம் குருதியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அலை திரும்பிவந்து அமுக்கத்தை ஏற்றிவிடும். மகனுக்கு அது பிந்தி வரும். இதயம் தளரும் நேரத்தில் வந்தால், இதயத்தசைக்குக் குருதி போகவும் அது உதவும்.

இந்த மேலதிக ஏற்றத்தைச் சதவீதமாகச் சொல்ல ஒரு சுட்டெண் இருக்கிறது. இறுகிய நாடியிலும் அலை சீக்கிரமே திரும்புவதால் அதிலும் இந்த எண் கூடும். அப்படியானால், எண்ணை மட்டும் பார்த்து அந்த அம்மாவிடம் "உங்கட நாடி இறுகிப்போச்சு" என்று சொல்லலாமா? கூடாது. பெண்களுக்குச் சராசரியாக இந்த எண் கூட வருவதற்கு உயரமும் ஒரு காரணம். இதயத்துடிப்பின் வேகமும் இதை மாற்றும் என்பதால், நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துத் திருத்தி எழுதும் வழக்கம் உண்டு. பக்கத்தில் உயரத்தையும் எழுதத்தான் வேண்டும் என்பேன். ஆனால் ஒன்று: நாடிச் சுவர் நன்றாக இருந்தாலும், முந்தி வரும் அலையால் இதயத்துக்கு ஏறும் சுமை மெய்யானது.

கையிலும் கணுக்காலிலும் பட்டி கட்டி அலையின் வேகத்தை அளக்கும் கருவிகளில் உயரம் வேறு வழியால் நுழைகிறது. அங்கே யாரும் நாடா பிடித்துத் தூரம் அளப்பதில்லை. பதிந்த உயரத்திலிருந்து கருவியே தூரத்தைக் கணக்கிடும். 148 என்பதை 158 என்று பதிந்தால், வழக்கமான சூத்திரப்படி தூரம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கூடும். நாடியில் ஒரு மாற்றமும் இல்லாமலே வேகமும் 6 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். ஆகவே இந்தப் பரிசோதனைக்குப் போனால் நினைவிலுள்ள உயரத்தைச் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே அளக்கச் சொல்லுங்கள்.