பூச்சுக் குண்டும் காரீயமும்

டெல்லி ஆர்.கே. புரத்தில் பெற்றோரைப் பார்க்க டெக்ஸாஸிலிருந்து வந்திருந்தார், நாற்பதைத் தாண்டிய அந்த மென்பொருள்காரர். வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி, மலச்சிக்கல், சிடுசிடுப்பு. ஊர் மாறிய சாப்பாடு என்று நினைத்து இரண்டு முறை வாயு மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்றாம் முறைதான், "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பிஸ்டல் சுடுவாராம். தோட்டாவையும் கராஜில் அவரே நிரப்புவாராம். அங்கே அது சாதாரணப் பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். குண்டு காரீயம் (லெட்) ஆயிற்றே, அதுதான் உடம்பில் சேர்கிறதோ என்று கேட்டேன். "ஆனா டாக்டர், நான் பாலிமர் பூச்சு போட்ட குண்டுதான் வாங்குறேன். கையில ஈயமே படாது" என்றார்.

பாதி சரி. பூச்சு இருந்தால் சுடும்போது குண்டின் ஈயம் உருகிப் புகையாவதும், துப்பாக்கிக் குழலில் ஒட்டுவதும் குறையும். ஆனால் தோட்டாவின் அடியிலிருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குப் பூச்சு கிடையாது. பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது லெட் ஸ்டைஃப்னேட் என்னும் ஈய உப்பு. சுட்ட பிறகு அதன் கரி பித்தளைக் கூட்டுக்குள் தங்கிவிடும். மறுபடி நிரப்புவதற்காக அந்தக் கூடுகளை மக்காச்சோளத் தக்கைத் தூளோடு இயந்திரத்தில் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவார்கள். பிறகு தூளைச் சலித்துக் கொட்டும்போது பறக்கிறதே தூசி, அதில்தான் விஷயமே இருக்கிறது. மூடிய கராஜில், முகமூடி இல்லாமல், காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சலித்திருக்கிறார்.

அவர் அம்மாவுக்கு வேறு கவலை. "நாங்க ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறோம்?" அது வெள்ளீயம் (டின்), அம்மா. கலப்படமில்லாத சொம்பென்றால் பயமில்லை. இது காரீயம்.

ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம் வந்தது. அமெரிக்காவில் 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ரத்தத்திலுள்ள ஈயம் பாதியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்ததால், கிளம்பும்போது இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் கிடந்து மெல்லக் கசியும். சரி, மருந்து? அவருக்கு முதல் மருந்து தூசியை நிறுத்துவதுதான். ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அவற்றைக் கொடுப்பதில்லை.

நிரப்பியே தீருவேன் என்றால் கூடுகளைத் தண்ணீரில் கழுவட்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கட்டும். அங்கே சாப்பாடு, சிகரெட் கூடாது. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கராஜ் செருப்போடுதான் வீட்டுக்குள்ளும் நடப்பேன் என்று அவர் சொன்னதும், மனைவிக்கும் மகனுக்கும் அங்கேயே ரத்தம் பார்க்கச் சொன்னேன். மனைவிக்கு 2. தரையில் உருண்டு விளையாடும் நான்கு வயது மகனுக்கு 7.