ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கவில்லையா? இயர்போனை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

சென்ற ஆண்டு கல்லூரி மாணவி ஒருவர் அப்பாவோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். நான்கு நாளாக இடது காது கேட்கவில்லை என்றார். புது இயர்போன் வாங்கிப் போட்டுப் பார்த்தும் அப்படியேதான் இருந்திருக்கிறது. "ஒரு காது போயிருச்சுங்களா மேடம்?" என்று கேட்ட அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே அவர் தூங்கவில்லை என்று தெரிந்தது.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தேன். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸிலிருந்து உயர்ந்த சுருதியான 8000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு காதுக்கும் கேட்ட மிகச் சிறிய ஒலி 10, 15 டெசிபல். 20 வரை இருந்தாலே நல்ல காது என்போம். நடுக்காதுப் பரிசோதனையிலும் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. "போனைக் கொடும்மா" என்று வாங்கி செட்டிங்ஸுக்குள் போனேன். இடது, வலது ஒலிச் சமநிலை என்று ஒரு கோடு உண்டு. அதிலிருந்த புள்ளி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நடுவுக்கு இழுத்துவிட்டேன். அந்தப் பெண் இயர்போனை மாட்டிப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார்.

நான் ஆடியாலஜிஸ்ட். காதுக்குத்தான் படித்தேன், போனுக்கு இல்லை. ஆனாலும் வருஷத்துக்குச் சிலராவது இப்படி வருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்தப் புள்ளி நகர்ந்ததற்காக இல்லை. கை தவறி எதுவும் நகரும். நகர்ந்தது தெரியாமல் இருப்பதுதான் என் புகார். வால்யூம் பட்டனை அழுத்தினால் திரையில் பட்டை தெரிகிறது. சைலண்ட்டில் போட்டால் மணிக்குக் குறுக்கே கோடு விழுகிறது. சின்னக் குழந்தைக்கும் புரிகிற அளவுக்கு அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒரு காதின் ஒலியை அடியோடு நிறுத்திவிடுகிற இந்தப் புள்ளிக்கு மட்டும் திரையில் ஒரு அடையாளமும் இல்லை. ஒலி பற்றிய பக்கத்தில் போய்த் தேடினால் பெரும்பாலும் அங்கேயும் இருக்காது.

அது இருப்பது 'ஆக்சஸிபிலிட்டி' என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வசதிகளுக்கான மெனுவில். ஐபோனில் அதற்குள் ஆடியோ விஷுவல் என்ற பகுதி. சாம்சங்கில் அதே மெனுவில் கேட்டல் மேம்பாடு பற்றிய பகுதி. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெயர் கொஞ்சம் மாறும். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் "இது பார்வையில்லாதவங்களுக்கு, நமக்கில்லை" என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழில் 'அணுகல்தன்மை' என்று இருந்தாலும் காதுக்கான விஷயம் உள்ளே இருப்பதாக யாருக்குத் தோன்றும்? ஐபோனில் இந்த மெனுவே ஒரு காலத்தில் ஜெனரல் என்பதற்குள் புதைந்து கிடந்தது. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-இல்தான் செட்டிங்ஸின் முதல் பக்கத்துக்கு வந்தது. மனசு வைத்தால் இடத்தை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதே இடத்தில் 'மோனோ ஆடியோ' என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. ஸ்டீரியோ பாட்டில் சில ஒலிகள் இடது பக்கம் மட்டும், சில வலது பக்கம் மட்டும் வரும். ஒரு காது மட்டுமே கேட்கிறவருக்கு அதில் ஒரு பங்கு வந்து சேராது. மோனோவைப் போட்டால் இரண்டும் கலந்து இரு பக்கமும் ஒன்றுபோல் வரும். என்னிடம் வந்த ஒருவருக்குச் சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது முழுக்கப் போய்விட்டது. இருபது வருஷமாக இயர்போனில் பாட்டுக் கேட்கிறவர். மோனோவைப் போட்டுக் கொடுத்ததும் தனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை வைத்தார். "இதுல கோரஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அந்தப் பட்டனைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் எங்களைப் போன்றவர்களும் உண்டு.

காது மிஷின் வாங்கிப் போகும் பெரியவர்களுக்கும் இதே அலைச்சல்தான். ஐபோனோடு நேரடியாக இணையும் மிஷினைக் கொடுத்தால் எல்லோரும் ப்ளூடூத் பக்கத்தில் தேடுகிறார்கள். அதை இணைக்க வேண்டிய இடம் ஆக்சஸிபிலிட்டிக்குள் இருக்கும் ஹியரிங் டிவைசஸ். கிடைக்காமல் மிஷினே பழுது என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

சரி, உங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது? இயர்போனைக் காது மாற்றிப் போடுங்கள். இடதுக்கானது வலதில், வலதுக்கானது இடதில். கேட்காத பக்கம் இப்போது அடுத்த காதுக்குப் போய்விட்டால் கோளாறு போனிலோ இயர்போனிலோதான். பல சமயம் இயர்போன் வலையில் அழுக்கு அடைத்திருக்கும். வேறு இயர்போன் போட்டும் அப்படியே என்றால் நான் சொன்ன புள்ளியைப் பாருங்கள்.

மாற்றிப் போட்ட பிறகும் அதே காதுதான் கேட்கவில்லை என்றால் போனை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்பு என்று ஒன்று உண்டு. காலையில் எழும்போது ஒரு காது அடைத்தாற்போல் இருக்கும். சளி, அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டு பத்து நாள், இருபது நாள் கழித்து வருகிறார்கள். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும்.

போன் வடிவமைக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தப் புள்ளி நடுவில் இல்லாதபோது, வால்யூம் பட்டை தெரியும் இடத்திலேயே சின்னதாக ஓர் அடையாளம் காட்டுங்கள். எங்கள் கிளினிக் படிவத்தில் இப்போது "நேரில் பேசும்போதும் கேட்கவில்லையா, இயர்போனில் மட்டுமா?" என்ற வரியை முதல் கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.