யானையைக் கண்டது யார்?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொடியன் ஒருவன் என் ஆங்கில வகுப்புக்கு வருகிறான். அவர்கள் ஊருக்குள் யானை வந்த கதை அன்று வகுப்பிலும் ஓடியது. சரி, இதையே பாடமாக்குவோம் என்று ‘டிட் யூ சீ த எலிஃபன்ட்?’ என்று கேட்டேன். ‘யெஸ், சோ (saw)’ என்றான். பிழை என்றேன்.

‘ஏன் சேர்? தமிழில கண்டன் எண்டால் காணுந்தானே?’

காணும்தான், அதுவே போதும். ‘கண்டன்’ என்ற சொல்லுக்குள்ளேயே கண்டவனும் இருக்கிறான். எழுத்தில் கண்டேன், கண்டாய், கண்டாள் என்று விகுதி ஆளைக் காட்டும். எங்கள் பேச்சில் இது இன்னும் நுணுக்கம்: ‘கண்டன்’ என்றால் நான், கொஞ்சம் நீட்டிக் ‘கண்டான்’ என்றால் அவன். குறிலுக்கும் நெடிலுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மாத்திரையில் ஆளே மாறிவிடுகிறது! அதனால் ‘நான்’ தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தது இதைத்தான். யானையோ கேள்வியிலேயே வந்துவிட்டது, அதையும் விட்டுவிடலாம்.

ஆங்கிலத்தின் ‘சோ’வில் இந்த வசதி இல்லை. நான் கண்டாலும் நீ கண்டாலும் ஊரே கண்டாலும் அதே ‘சோ’தான். ஆகவே எழுவாய் வெளியே நின்றாக வேண்டும். மழை பெய்யும்போது பெய்விக்க யாரும் இல்லையென்றாலும் ‘இட் இஸ் ரெயினிங்’ என்று ஒரு ‘இட்’டைக் கொண்டுவந்து வெறும் கதிரையில் இருத்துகிறார்கள்.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் எதையும் விட முடியாதா? விடலாம், ஆனால் மறுபக்கத்திலிருந்து. பொடியன் சொல்லியிருக்க வேண்டியது ‘யெஸ், ஐ டிட்’. அதில் யானை இல்லை, காண்பது என்ற வினையே இல்லை. மிஞ்சியது ஆளும் ஒரு துணைவினையும். நாங்கள் வினையை வைத்துக்கொண்டு ஆளை விடுகிறோம், அவர்கள் ஆளை வைத்துக்கொண்டு வினையை விடுகிறார்கள். ‘டிட்’ காலத்தைக் காட்டிக்கொண்டு வினை நின்ற இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. நாங்கள் ‘கண்டிட்டன்’ என்பதில் ‘கண்டு’வை வெட்டிவிட்டு ‘நான் இட்டன்’ என்று சொல்ல முடியுமா? எங்கள் துணைவினை முதல்வினையோடு ஒட்டிப் பிறந்தது, தனியே நிற்காது.

எதை விட்டாலும் கேட்பவர் அதைத் திரும்பப் பொருத்திக்கொள்ள வேண்டும், வழி தவறவும் கூடாது. ‘நான் கண்ட யானை’ என்பதற்கு ‘த எலிஃபன்ட் தட் ஐ சோ’ என்பார்கள். இதில் ‘தட்’டை விடலாம். ‘நேற்று வந்த யானை வேலியை முறித்தது’ என்பதில் மட்டும் விட முடியாது. ‘த எலிஃபன்ட் கேம் யெஸ்டர்டே’ என்று காதில் விழுந்ததும் யானை வந்தது, கதை முடிந்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். பிறகு வரும் ‘முறித்தது’ அந்தரத்தில் தொங்கும். தமிழில் ‘வந்த’ என்ற பெயரெச்சமே இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுவதால் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்படி இடறும் வாக்கியங்களில் பேர் போனது 1970இல் தோமஸ் பீவர் என்ற உளமொழியியலாளர் காட்டியது: ‘த ஹோர்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்’. கொட்டிலைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். இலக்கணப்படி சரி. ஆனாலும் ஆங்கிலேயரே முதல் வாசிப்பில் குதிரை தானாக ஓடியதாக எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லில் முட்டி நிற்பார்கள்.

அடுத்த கிழமை பொடியன் இன்னொரு கேள்வியோடு வந்தான். ‘காணேல்லை எண்டதில ஆள் எங்க சேர்?’

மாட்டிக்கொண்டேன். நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் ஒரே ‘காணேல்லை’தான். விகுதி ஆளைச் சொல்லவில்லை, இருந்தும் ஆளை விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். மலையாளத்தில் ‘கண்டு’ எல்லாருக்கும் பொது, அங்கும் எழுவாய் உதிர்கிறது. வினை ஆளுக்கேற்ப மாறவே மாறாத சீனத்திலும் ஜப்பானியத்திலும் அப்படியே. அவர்களுக்கு விகுதி தராததைப் பேச்சின் சூழல் தருகிறது. போன கிழமை நான் சொன்ன காரணம் பாதிதான் என்று அவனிடம் ஒத்துக்கொண்டேன்.