மிசோபோனியா: ஒலி வெறுப்பா, ஒலி ஒவ்வாமையா?

பக்கத்து இலைக்காரர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் பலருக்கும் முகம் சுளிக்கும். சிலருக்கு அது சுளிப்போடு நிற்காது. நெஞ்சு படபடக்கும், ஆத்திரம் தலைக்கேறும், எழுந்து போகாவிட்டால் கத்திவிடுவோம் என்றாகிவிடும். மூக்கை உறிஞ்சுவது, தொண்டையைச் செருமுவது, பேனாவை டிக் டிக்கென்று அமுக்குவது என ஆளுக்கொரு சத்தம். இந்த நிலைக்குத்தான் மிசோபோனியா என்று பெயர்.

பழைய கிரேக்கச் சொல் போலத் தெரிந்தாலும் இதற்கு வயது கால் நூற்றாண்டுதான். காதிரைச்சல் சிகிச்சையில் பெயர்பெற்ற பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப், மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப் இருவரும் 2001-இல் உருவாக்கியது. மீசோஸ் என்றால் வெறுப்பு. ஃபோனே என்றால் குரல், ஒலி. டெலிஃபோனில் இருப்பதும் அதே ஃபோனேதான்.

அப்படியே தமிழாக்கினால் ‘ஒலி வெறுப்பு’. இதில் எனக்கு உடன்பாடில்லை. இவர்கள் ஒலியை வெறுப்பவர்கள் அல்லர். தவில் கச்சேரியை முன்வரிசையில் உட்கார்ந்து ரசிப்பவருக்கே, வீட்டில் ஒருவர் காபியை உறிஞ்சும் சத்தம் தாங்காமல் போகலாம். இங்கே பிரச்சினை சத்தத்தின் அளவு அல்ல. சாதாரண ஒலிகளே காதைத் துளைப்பதுபோல் இருந்தால் அது ஹைப்பர்அக்யூசிஸ், தமிழில் ‘ஒலி மிகையுணர்வு’ எனலாம். ஒலியைக் கண்டு அஞ்சுவது ஃபோனோபோபியா, ‘ஒலியச்சம்’. வல்லுநர் குழு ஒன்று 2022-இல் வெளியிட்ட வரையறையும் வெறுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. குறிப்பிட்ட ஒலிகளைத் தாங்கும் திறன் குறைவது என்றே சொல்கிறது. தவிர, வெறுப்பு என்றதும் வீட்டார் காதில் ‘உனக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்றுதான் விழும்.

அதனால் ‘ஒலி ஒவ்வாமை’ என்பதே என் தேர்வு. ஒவ்வாமை என்றால் அலர்ஜி ஆயிற்றே, இங்கே நோய் எதிர்ப்பு மண்டலம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். ஒவ்வாமை என்பதன் நேர்ப்பொருள் பொருந்தாமை. அலர்ஜி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘எனக்கு இந்தச் சத்தம் ஆகாது’ என்று பேச்சில் சொல்வதும் இதைத்தான்.

மூளையிலும் இதற்குத் தடயம் உண்டு. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், இந்த ஒலிகளைக் கேட்கும்போது இவர்களுக்கு உணர்ச்சிகளோடு தொடர்புள்ள முன் இன்சுலா என்ற மூளைப் பகுதி மிகையாகத் தூண்டப்படுவதைக் காட்டினார்கள். 2021-இல் வெளியான தொடர் ஆய்வில், வாயையும் முகத்தையும் அசைக்கும் மூளைப் பகுதியோடு இதற்குத் தொடர்பு தெரிந்தது. சிலர் தம்மை அறியாமல் எதிராளி மெல்லுவதைப் போலவே வாயசைப்பது ஏன் என்பதற்கு அங்கே ஒரு துப்பு கிடைக்கிறது.

அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் இதைத் தனிக் கோளாறாகச் சேர்க்கவில்லை. ஆனால் பதற்றம், மனச்சோர்வு, எண்ணச்சுழற்சி நோய் எனும் ஓசிடி இவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும்: தூக்கம் கெட்ட, பதற்றம் கூடிய நாளில் நேற்றுவரை பொறுத்த சத்தம் இன்று பொறுக்காது. ஆகவே பதற்றத்துக்குச் சிகிச்சை எடுப்பதும் காதுக்குச் செய்யும் உதவியே. எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் (சிபிடி) சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடட்டும். காதடைப்பானை நாள் முழுக்க மாட்டிக்கொள்ள வேண்டாம். அமைதிக்கே பழகிய காதுக்குச் சிறு சத்தமும் பெரிதாகிவிடும். ‘கேட்டுக் கேட்டுப் பழகிப் போய்விடும்’ என்று வற்புறுத்தி உட்காரவைப்பது பெரும்பாலும் ஆத்திரத்தைத்தான் கூட்டும். வீட்டாரிடம் பேச வேண்டியதைச் சாப்பாடு முடிந்து, மனம் ஆறிய பிறகு பேசுங்கள்.