டி.ஜே.: தமிழில் இசைவலவர்

திருமண வரவேற்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "டி.ஜே. சொல்லிவிட்டோம்" என்று பதில் வருகிறது. அந்த இரண்டு எழுத்துக்குள் என்ன அடக்கம் என்று மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அது பெரிய ஒலிபெருக்கிகளும் சுழலும் விளக்குகளும். இன்னொருவருக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கைதட்டச் சொல்லும் ஆள். வேறொருவருக்குக் கணினியில் முன்கூட்டியே அடுக்கிவைத்த பாடல் வரிசை. வெவ்வேறு பொருள்கள் ஒரே சொல்லில் ஒளிந்திருப்பதால், கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆகிவிடுகிறது. சொல்லைத் துலக்கினால் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

டி.ஜே. என்பது 'டிஸ்க் ஜாக்கி' என்பதன் சுருக்கம். முதல் பாதி எளிது. கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் விளையாட்டில் வீசி எறியும் வட்டமான தட்டு. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தட்டையான வட்டப் பொருள்கள் பலவற்றுக்கும் பெயரானது. 1877இல் எடிசன் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது உருளை. ஒலியைத் தட்டையான வட்டில் பதியும் முறைக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நாம் இசைத்தட்டு என்று பெயரிட்டதும் இந்தத் தட்டையைப் பார்த்துத்தான்.

இரண்டாம் பாதியில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. 'ஜாக்' என்ற சாதாரண ஆண்பெயருக்கு ஸ்காட்லாந்து வழக்கில் 'ஜொக்' (Jock) என்ற வடிவம் உண்டு. அதைச் செல்லமாகக் கூப்பிட்டதில் 'ஜாக்கி' பிறந்தது. முதலில் அது யாரோ ஒரு பையன், ஓர் எடுபிடி ஆள் என்ற பொருளில் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டில் பந்தயக் குதிரையை ஓட்டுபவருக்கு உரிய பெயராயிற்று. வினைச்சொல்லாக வரும்போது, நெரிசலுக்குள் இடம் பார்த்துச் சாமர்த்தியமாக நகர்வதையும் குறிக்கிறது. அதாவது ஜாக்கி, குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் மட்டுமல்லர். எங்கே கடிவாளத்தை இழுப்பது, எங்கே தளர்த்துவது என்று அறிந்தவர்.

இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தது வானொலியில். 1935இல் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்றில் மார்ட்டின் பிளாக் என்ற அறிவிப்பாளர், இல்லாத ஒரு நடனக்கூடத்தில் இசைக்குழு நேரில் வாசித்துக்கொண்டிருப்பதுபோன்ற பாவனையுடன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் தங்கள் வீட்டுக்குள் அந்தக் கூடத்தைக் கண்டார்கள். 'டிஸ்க் ஜாக்கி' என்ற தொடர் 1941இல் அச்சில் காணப்படுகிறது. தட்டைச் சுழற்றுவதற்கு இயந்திரம் போதும். அப்படியிருந்தும் ஓட்டுபவர் ஒருவர் வேண்டும் என்று மொழி உணர்ந்த இடம் அது.

இந்தச் சொல் ஜமைக்காவில் எடுத்த திருப்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே தெருவில் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி நடக்கும் இசைக்கூடல்களில் வேலை இரண்டாகப் பிரிந்தது. தட்டைத் தேர்ந்தெடுத்து ஒலிக்கவிடுபவருக்கு 'செலக்டர்' என்று பெயர். இசையின் மேல் தாளத்தோடு பேசுபவரே டி.ஜே. ஆக, தேர்வும் பேச்சும் வேறு வேறு திறமைகள் என்று அவர்கள் பெயரிலேயே பிரித்துவிட்டார்கள். நம் வரவேற்புகளில் பாதிக் குறை இந்தப் பிரிவு தெரியாததால் வருகிறது. நன்றாகப் பேசுபவர் நன்றாகத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று தன் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டினார். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, அந்தத் துண்டையே மாறிமாறி ஒலிக்கவிட்டு நீட்டும் உத்தி அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. இப்போது பெரும்பாலும் தட்டும் இல்லை, சுழல்மேசையும் இல்லை; கணினிக் கோப்புகள்தான். 'டிஸ்க்' செத்துவிட்டது, 'ஜாக்கி' வாழ்கிறார்.

ஓட்டுவது என்றால் என்ன என்பதை ஒரு வரவேற்பில் நேரில் கண்டேன். இசைக்கு வந்தவர் இளைஞர். விருந்தினர் உண்ணும் நேரத்தில் அவர் ஒலியை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தார். பக்கத்தில் இருப்பவருடன் குரல் உயர்த்தாமல் பேச முடிந்தது. அரங்கில் ஆட்டம் சூடுபிடித்தபோது பின்வரிசையில் முதியவர்கள் எழுந்து கைப்பையைத் தேடுவதை அவர் பார்த்துவிட்டார். அடுத்த பாடலின் வேகத்தைச் சட்டென்று குறைக்காமல் மூன்று பாடல்களில் படிப்படியாக இறக்கி, அவர்கள் இளமையில் கேட்ட மெட்டு ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். கைப்பைகள் மறுபடி நாற்காலிக்குப் போயின. இன்னொரு வரவேற்பில் வந்தவரோ தலை நிமிரவே இல்லை. அடுக்கிக் கொண்டுவந்த வரிசையை அப்படியே ஓட்டினார். மணமகளின் தந்தை பேச எழுந்து நின்றபோதும் பாட்டு நிற்கவில்லை. அந்தத் தந்தை காத்திருந்து உட்கார்ந்துவிட்டதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே பெயர், டி.ஜே.

கைத்தொழில் நுட்பமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்பது பாடலின் வேகம். 120 அடி கொண்ட பாடலிலிருந்து 124 அடி கொண்டதற்குப் போகும்போது, இரண்டாவதை ஒரு காதில் ஹெட்போனில் கேட்டு, வேகத்தைச் சற்றே குறைத்து, அடியோடு அடி பொருந்தியதும் கூட்டத்துக்குத் திறந்துவிடுவார்கள். ஆடுபவரின் கால் இடறாது. ஒலியளவும் இந்தப் பொறுப்பில் சேர்ந்ததே. கேளிக்கைக் கூடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் வரையறுத்தது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் கூடத்தில் அந்த எல்லையை நெருங்குவதே தவறு என்பேன். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அவர்களை உட்காரவைக்காதீர்கள்.

இனித் தமிழ். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இசைத்தட்டு இயக்குநர்', 'இசைவட்டு ஓட்டுநர்' என்று வரும். வட்டு என்பது பழைய சொல்தான். குறளிலேயே இருக்கிறது:

"அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்"

கட்டம் வரையாமல் காய் உருட்டி ஆடுவதுபோன்றது, நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவது என்கிறது 401ஆம் குறள். வட்டு, அரங்கு, அவை மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால் எனக்கு இந்தச் சொல்மேல் ஆசை உண்டு. ஆனால் தட்டே மறைந்துபோன காலத்தில் வட்டைப் பெயரில் சுமப்பது, இல்லாத பொருளுக்குப் பெயரிடுவது. 'ஒலியமைப்பாளர்' என்றால் கருவிகளைப் பொருத்துபவர் என்று ஆகிவிடும். அது வேறு வேலை, மதிப்புக்குரிய வேலை. 'தொகுப்பாளர்' என்பதை ஏற்கெனவே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுத்துவிட்டோம்.

எனவே பொருளைப் பற்றிக்கொண்டு பெயரிட வேண்டும். ஓட்டுபவரைக் குறிக்கத் தமிழில் பாகன் உண்டு, வலவன் உண்டு. பாகன் என்றதும் இன்றைக்கு யானைதான் நினைவுக்கு வரும். வலவன் என்றால் தேர் ஓட்டுபவன்; திறமையுடையவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகழ் பெற்றோர் அடையும் வான ஊர்தியை "வலவன் ஏவா வான ஊர்தி" என்கிறார். ஓட்டுபவன் செலுத்தாமல் தானே செல்லும் ஊர்தி அது. விண்ணில் அப்படி ஓர் ஊர்தி இருக்கலாம். ஆளின்றித் தானே ஓடும் பாடல் வரிசை மண்ணில் ஒரு கூட்டத்தைக் கொண்டுசேர்க்காது.

இதனுடன் இசையைச் சேர்த்தால் இசைவலவர். இசை என்ற சொல் பாட்டை மட்டும் குறிப்பதில்லை. இசைதல் என்றால் உடன்படுதல், பொருந்துதல். இசைவு என்றால் சம்மதம். அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்களின் உறவினரும் நண்பரும் ஒரே கூடத்தில் அமரும் மாலையில், ஒரு பாட்டால் அவர்களை இசையவைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. வலவர் என்னும் பன்மை வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பது இன்னொரு வசதி.

இந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் கேள்விகள் தாமாகவே மாறும். எத்தனை ஒலிபெருக்கி என்பது கடைசிக் கேள்வியாகும். கூட்டம் எழுந்து ஆட மறுத்தால் என்ன செய்வீர்கள்? உணவு நேரத்தில் எதை ஒலிப்பீர்கள்? கட்டாயம் வேண்டிய பாடல்களையும், அறவே கூடாத பாடல்களையும் எழுதிக் கொடுத்தால் ஏற்பீர்களா? அறிவிப்புகளை நீங்களே செய்வீர்களா, அதற்குத் தனி ஆள் வருவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் விடையைப் பொறுத்து ஒப்பந்தத் தாளிலும் பெயர்களைப் பிரித்தே எழுதலாம்: கருவிகளுக்கு ஒலியமைப்பாளர், மைக்குக்கு அறிவிப்பாளர், பாட்டுக்கு இசைவலவர். ஒரே ஆள் மூன்றையும் செய்தால் மூன்றுக்கும் நேராக அவர் பெயரை மூன்று முறை எழுதிக்கொள்ளுங்கள்.