திரும்பி வரத் தெரிந்த விமானி

2,500 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தோம். போய்ச் சேர இன்னும் 20 நிமிடம். எதிரே மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. என்னிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மாணவர் ஒன்றும் சொல்லாமல், மேகத்துக்குக் கீழேயே இருக்கும்படி விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போனார். நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "இப்ப எத்தனை அடியில இருக்கோம்?" என்று கேட்டேன். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. 1,600 அடி. 900 அடி இறங்கிவிட்டது அவருக்கே தெரியவில்லை.

அசட்டையான ஆள் இல்லை அவர். தரையிறக்குவதில் நல்ல கை. ஆனால் 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே' என்ற நினைப்பு புகுந்துவிட்டால், மூக்குக்கு நேரே இருக்கும் கருவிகூடக் கண்ணில் படாது.

அப்படியே மேகத்துக்குள் புகுந்துவிட்டால்? 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதும் நேராகப் போவதாகவே காதின் உட்பகுதி சொல்லும். அனுபவசாலிக்கும் அதே காதுதான்; கருவியை நம்பப் பழகியிருக்கிறார், அவ்வளவே.

அதனால் எஞ்சினைக் கிளப்பும் முன்பே மூன்று எண்களை எழுதச் சொல்கிறேன்: எந்த உயரத்துக்குக் கீழே இறங்கமாட்டேன், எவ்வளவு பக்கக்காற்று வரை தரையிறங்குவேன், எரிபொருள் எவ்வளவு மிஞ்சும்போது திரும்பிவிடுவேன். எண்ணை நான் சொல்வதில்லை. அவர் எழுதியதும் "ஏன் இந்த எண்?" என்று மட்டும் கேட்பேன். மனசு நிதானமாக இருக்கும்போது எழுதியதை மேலே போய் மாற்றக் கூடாது.

சக பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். பாதியில் திரும்பி வந்தவரிடம் "என்ன, பயந்துட்டியா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். அடுத்த முறை அவர் திரும்பமாட்டார். ஆரம்ப காலத்தில் நானே ஒருவரிடம் அப்படிக் கேட்டேன்; இன்றும் உறுத்துகிறது.

அந்த மாணவர் பிறகு தனியாக ஒரு நெடும்பயணம் போனார். அன்றும் வழியில் மேகம் தாழ்ந்தது. 40 நிமிடத்தில் திரும்பி வந்து இறங்கி, தொடையில் கட்டியிருந்த தாளைக் கழற்றிக் காட்டினார். '2,000' என்ற எண்ணைச் சுற்றி வட்டம், பக்கத்தில் திரும்பிய நேரம். "சரி, உட்காருங்க" என்றேன். மறுநாள் வானிலை அறிக்கையை இருவருமாகப் பார்க்க ஆரம்பித்தோம்.